பாலைவனத்துக்கு ஏற்றவை என்று விற்கப்பட்ட பூச்செடிகள் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஓசூர்.

பொருள்: ‘பாலைவனப் பூந்தோட்டம்’ செடித் தொகுப்பின் தவறான விவரங்கள், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பணி நிமித்தம் ஜோத்பூரில் வசிக்கும் நான், ‘ராஜஸ்தான் வெயிலிலும் பூக்கும்’ என்று தங்கள் இணையதளம் தந்த உறுதியை நம்பி, ‘பாலைவன ரோஜா’ எனப்படும் அடினியமும், தடித்த இலைகள் ரோஜா இதழ்களைப் போல அடுக்கிய எச்சிவேரியாவும் அடங்கிய தொகுப்பை ஏப்ரல் மாதம் வாங்கினேன். மே முடிவதற்குள் எச்சிவேரியா ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடினியங்களில் பெரும்பாலானவை, கிழங்கு போலப் பருத்த அடித்தண்டு அழுகிப்போயின. இதற்குத் தங்கள் சேவைப் பிரிவு, ‘நிழலில் வைத்திருக்க வேண்டும்’ என்று ஒரே வரியில் அனுப்பிய பதிலை என்னால் ஏற்க இயலாது.

எச்சிவேரியாக்கள் வந்த நாள் முதலே நிழல்வலைக்கு அடியில்தான் இருந்தன. அவற்றைக் கொன்றது இரவின் வெக்கை. மெக்சிகோவின் மலைப்பகுதிகளுக்கு உரிய அச்செடிகள், நீரிழப்பைத் தவிர்க்கப் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவுக் குளிர்ச்சியில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை ஈர்ப்பவை. நள்ளிரவிலும் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி நிற்கும் இவ்வூர்க் கோடையில் அந்தக் குளிர்ச்சிக்கு எங்கே போவது? இலைகள் கண்ணாடி போல நீர்கோத்து, விரல் பட்டாலே உதிர்ந்தன. சதைப்பற்றுள்ள செடிகளெல்லாம் பாலைவனச் செடிகள் அல்ல என்பதை ஒரு நர்சரிக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அடினியம் அப்படியல்ல. அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வறண்ட பாறை நிலங்களில் வளர்வது அது. வெயில்தான் அதற்குப் பலம். ஆனால், கரடுமுரடான மணலும் கல்துண்டும் கலந்து நட வேண்டிய செடியைத் தாங்கள் முழுக்கத் தென்னைநார்க் கழிவில் நட்டு அனுப்பியதோடு, ‘தினமும் நீர் ஊற்றவும்’ என்று அட்டையும் செருகியிருந்தீர்கள். மேற்பரப்பு காய்ந்திருந்த தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடிப்பகுதி சொதசொதவென்றிருந்தது. கிழங்கை அழுத்தினால் பழுப்பு நீர் கசிந்தது. அடினியத்தின் பால் நச்சுத்தன்மை உடையது, ஆப்பிரிக்காவில் அம்பு முனைகளில் தடவப்பட்டது. குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு அதுபற்றி அந்த அட்டையில் ஓர் எச்சரிக்கைகூட இல்லை.

இந்த மண்ணில் பூச்செடி பிழைக்காது என்று தாங்கள் சொல்லவும் முடியாது. மெஹ்ரான்கர் கோட்டையை ஒட்டிய ராவ் ஜோதா பாறைப் பூங்காவில், 2006-இல் தொடங்கிய பணியில் சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றி, இந்நிலத்துக்கே உரிய செடிகளை வளர்த்திருக்கிறார்கள். அங்கே ‘தோர்’ என்னும் கள்ளி பாறை இடுக்கிலிருந்து எழுந்து சிவப்பாகப் பூக்கிறது. தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவிடும் ஊரில், குறைந்த நீரில் கொஞ்சம் நிறம் காண விரும்பித்தான் மக்கள் தங்களைப் போன்றவர்களிடம் செடி வாங்குகிறார்கள்.

ஆகவே, முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறும், எச்சிவேரியாவை இத்தொகுப்பிலிருந்து நீக்குமாறும், நீரூற்றும் குறிப்பைத் திருத்தி, நச்சு பற்றிய எச்சரிக்கையை அட்டையில் அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இடமளிக்கிறபடி, நான் வசிக்கும் ஜோத்பூரிலேயே மாவட்ட ஆணையத்தில் முறையிடுவேன். ரசீதும் செடிகளின் படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஜோத்பூர்.