ஒட்டகம் இல்லை, ஒட்டாகு

நிஷி-கசாய், டோக்கியோ
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள கோமு,

திட்டாதே. நாலு மாசம் ஆகிவிட்டது, தெரியும். உன் குரல் செய்திகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கடைசியில் அனுப்பியதில் நீ பேசவே இல்லை, பெருமூச்சு மட்டும்தான். அதையும் முழுசாகக் கேட்டேன். இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு முதுகுவலி, இவர் புலம்பலைக் கேட்டு எனக்குத் தலைவலி. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? மேரிக்கு இரண்டாவதும் பெண்ணாமே? வார்டன் சாபம் பலித்துவிட்டது என்று சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். கோயில் கொடைக்கு உன் பையன் அந்த டீ-ஷர்ட்டோடு வந்து நிற்க, அத்தை "என்னல எழுதியிருக்கு?" என்று கேட்க, அவன் "ஒட்டாகு" என்று சொன்னதைக் கேட்டு "ஒட்டகமா?" என்றார்களே, அதற்கு மெட்ரோவில் தனியாகச் சிரித்து நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் உன் கொழுந்தனார் போனில் தேடி, "அது ஜப்பான்ல கெட்ட வார்த்தை, ரூமுக்குள்ளயே கிடக்குற கிறுக்கனுங்களுக்குச் சொல்றது" என்று பந்தியில் வைத்துச் சொன்னதும், நீ சட்டையைக் கரித்துணி ஆக்கப்போவதாகச் சொன்னதும் சிரிப்பாக இல்லை. அன்றைக்கே பதில் போட்டிருக்க வேண்டும். போடாததற்குக் காரணம், அதே வாரம் அதே வார்த்தையால் நானும் அசடு வழிந்திருந்தேன்.

புது டீமில் முதல் நாள். இங்கே எழுந்து நின்று பேர், ஊர், பொழுதுபோக்கு மூன்றையும் ஒப்பிக்க வேண்டும். நான் முந்தின ராத்திரியே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "நான் ஒரு அனிமே ஒட்டாகு" என்று, அதாவது ஜப்பான் கார்ட்டூன் படப் பைத்தியம் என்று, பல் தெரியச் சொன்னேன். கைதட்டினார்கள், ஆனால் ஒரு நொடி தாமதமாக. அந்த ஒரு நொடி என்ன என்று எனக்குப் புரியவே இல்லை.

மத்தியானம் ஒரு பொடியன், இருபத்து நாலு வயசு இருக்கும், ஆசையாக வந்து உட்கார்ந்தான். எந்த இயக்குநர், எந்த ஸ்டூடியோ, சண்டைக் காட்சிகளுக்கு மூலப்படம் வரைந்தவர் யார் என்று வரிசையாகக் கேட்டான். ஹாஸ்டலில் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்து பார்த்தோமே, அந்த நிஞ்ஜாக்காரன் கதையைத் தாண்டி எனக்கு என்ன தெரியும்? முழித்தேன். அவன் ரொம்ப மரியாதையாக, "அப்படியென்றால் நீங்கள் ரசிகை" என்றான். தான்கூட வெறும் 'நிவாகா'தான், ஒட்டாகு என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஒன்றும் தெரியாது என்றான். நிவாகா என்றால் 'திடீர்' என்று அர்த்தம், திடீர் மழைக்கு நிவாகா-அமே என்பார்கள். திடீரென்று முளைத்த ரசிகர்களுக்கும் அதே பேர். பார், உன் கொழுந்தனார் வசவு என்கிற வார்த்தை இந்தப் பிள்ளைகளுக்குப் பட்டம் மாதிரி. படிக்காமல் பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளக் கூடாது.

கைதட்டாமல் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒருவர். அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர், ஐம்பதைத் தொடுகிற வயசு. நம் லைப்ரரி மிஸ் ஜாடை. பேரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்துக் கூப்பிட்டாலும் மனசுக்குள் எனக்கு அவர் அக்காதான். ஒரு மாசம் கழித்து, மழைக்கு ஒதுங்கின இடத்தில் தானாகப் பேச்சை எடுத்தார்.

அந்த வார்த்தைக்கு நேர் அர்த்தம் 'தங்கள் இல்லம்' கோமு. நாம் "வீட்ல எப்படி இருக்காங்க?" என்று ஆளை விட்டுவிட்டு வீட்டை விசாரிக்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். நெருங்கிப் பழகாதவரை 'நீங்கள்' என்பதற்குப் பதிலாக 'தங்கள் இல்லம்' என்பார்கள். கூச்ச சுபாவமுள்ள அனிமே, மங்கா (ஜப்பான் படக்கதை) பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படி அழைத்துக்கொண்டதைப் பார்த்து, நகமோரி அகியோ என்கிற எழுத்தாளர் 1983ல் ஒரு பத்திரிகைப் பத்தியில் அதையே அவர்களுக்குக் கேலிப் பேராகச் சூட்டிவிட்டார். தலை சீவத் தெரியாது, அம்மா வாங்கித் தந்த சட்டை, கண்ணாடி என்று ஒரே நக்கல். அம்மா வாங்கித் தந்த சட்டை குற்றமென்றால் நம் வகுப்புப் பையன்கள் அத்தனை பேரும் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகள் கூடுகிற சந்தைக்கு காமிக் மார்க்கெட் என்று பேர். முதல் சந்தை 1975 டிசம்பரில். வந்தது 700 பேர் போல, பெரும்பாலும் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள். ஊர் மனசில் பதிந்ததோ கண்ணாடி போட்ட தடியன்.

கேலியாகவே போயிருந்தால் சரி. 1988லும் 89லும் நாலு சின்னப் பெண்குழந்தைகளைக் கொன்ற ஒருவன் பிடிபட்டான். அவன் அறை முழுக்க வீடியோ நாடாக்கள், கிட்டத்தட்ட 6,000. டி.வி.யில் அந்த அறையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்களாம். 'ஒட்டாகு கொலைகாரன்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அக்கா அவன் பேரை இப்போதும் வாயால் சொல்லவில்லை.

அப்போது அக்காவுக்குப் பதினாலு வயசு. மங்கா வரைகிற பிள்ளை. செய்தி ஓடிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி அப்பா எழுந்து வந்து அவர் புத்தக அலமாரி முன்னால் நின்றாராம். ஒரு வார்த்தை திட்டவில்லை, நின்றார், போய்விட்டார். பழைய பேப்பர் போடுகிற நாளன்று அக்காவே எல்லாவற்றையும் அடுக்கி, குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நைலான் கயிற்றால் கட்டி வாசலில் வைத்தாராம். தான் வரைந்த நோட்டுகளை நடுவில் செருகி, மேலேயும் கீழேயும் அப்பா படித்த நியூஸ்பேப்பர். அந்தக் கட்டு போடுகிற விதத்தை என் கைக்குட்டையில் செய்து காட்டினார். விரல் அவ்வளவு வேகமாகப் போனது. நான் ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பிரேமாவின் நோட்டு ஞாபகம் வந்தது. உனக்கும் வரும். அதைச் சத்தமாக வாசித்தது நானா நீயா?

அப்புறம் காலம் மாறித்தான் போயிற்று. ரயிலில் குடிகாரனிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றின ஒட்டாகு பையனின் காதல் 2004ல் புத்தகமாகி, மறு வருஷமே சினிமாவாகவும் டி.வி. தொடராகவும் வந்து ஊரே அழுதது. 2008ல் மங்கா பிரியரான தாரோ அசோ பிரதமரே ஆகிவிட்டார். ரயில் என்ஜினை போட்டோ எடுப்பவர்கள்கூட ரயில் ஒட்டாகு. எங்கள் பொடியன் பையில் இருபது பொம்மை தொங்குகிறது, ஒருத்தரும் ஏன் என்று கேட்பதில்லை. அக்காவின் மேஜை இழுப்பறைக்குள் ஒன்றே ஒன்று இருக்கிறது, மூடிதான் இருக்கிறது.

உன் பையன் வரைவான் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். போன சனிக்கிழமை என்னை இகேபுகுரோ என்கிற பேட்டைக்கு இழுத்துப் போனார். பெண் ரசிகைகளுக்கென்றே ஒரு தெரு அங்கே உண்டு, கடைக்குக் கடை கூட்டம். மங்கா வரைகிற ஜி-பென் முள் ஒரு பெட்டி, அதைச் செருகிப் பிடிக்க இரண்டு கட்டை, ஒரு கறுப்பு மை. முள்ளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காசு கொடுக்கும்போது கல்லாவில் இருந்த பெண் ஒன்றுமே கேட்கவில்லை. இவராகவே, "சொந்தக்காரப் பிள்ளைக்கு" என்றார்.

உண்மைதான், ஆனாலும் என்னவோ போல இருந்தது.

மையை ஏர்மெயிலில் அனுப்ப முடியுமா என்று தெரியவில்லை. முடியாவிட்டால் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். முள்ளும் கட்டையும் நாளைக்கே புறப்படும். புது முள்ளில் எண்ணெய் இருக்கும், துடைத்துவிட்டு வரையச் சொல். வரைந்து முடித்ததும் கழுவித் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தால் சாத்தட்டும், நீ காபி கொடுக்கிற சாக்கில் அரைமணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்காதே. உன்னை எனக்குத் தெரியாதா? சட்டையை ஏற்கெனவே கிழித்துவிட்டாய் என்றால் அளவு எழுது.

பிரேமா நம்பர் உன்னிடம் இருக்கிறதா?

உன்,
சுபா

பி.கு.: அத்தையிடம் ஒட்டகம் என்றே இருக்கட்டும். விளக்கப் போகாதே.