பெயர் கேட்காமல் விட்ட அண்ணனுக்கு நன்றி

அப்பாவின் பழைய காரை மீட்டெடுக்கும் வேலையில் இருக்கிறேன். எஞ்சினின் மேல்மூடியான அலுமினிய வால்வு கவருக்கு இரண்டு முறை பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பவுடரைத் தூவி, ஓவனில் உருக்கி இறுக வைக்கும் பூச்சு) செய்தும், இரண்டு முறையும் ஊசி குத்தியது போல எங்கும் பொத்தல்கள். மனமே விட்டுப்போனது. பட்டறையில் தன் பாகங்களுக்காகக் காத்திருந்த ஒரு அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பவுடர் மேல தப்பு இல்ல தம்பி, உள்ளே எண்ணெய் இருக்கு" என்றார்.

வார்ப்பு உலோகத்தின் நுண்துளைகளில் பல வருட எண்ணெய் ஊறிக் கிடக்கும். ஓவனில் அது ஆவியாகி, உருகும் பவுடரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதனால் பவுடர் 200 டிகிரி செல்சியஸில் இறுகுவதென்றால், வெறும் பாகத்தை அதைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில், புகை நிற்கும் வரை முதலில் சுடச் சொன்னார். இதை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

போல்ட் மரைகளுக்கு சிலிகான் அடைப்பான், காஸ்கெட் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் பட்டை) உட்காரும் முகத்துக்குச் சூடு தாங்கும் டேப் என்று, அங்கெல்லாம் பவுடர் ஒட்டாதபடி தானே உட்கார்ந்து மறைத்துக் கொடுத்தார். கவருக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டின் பின்னால் பிளாஸ்டிங் துகள் (பாகத்தைச் சுத்தம் செய்ய வேகமாக வீசியடிக்கும் மணல் போன்ற துகள்) தங்கியிருந்தது. அது எஞ்சினுக்குள் போயிருந்தால் பேரிங்குகள் பாழாகியிருக்கும். அதையும் பொறுமையாகத் தட்டி எடுத்தார். எஞ்சினின் சூடான புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் பூசலாம் என்றிருந்தேன். அந்தச் சூட்டைச் சாதாரண பவுடர் தாங்காது என்று தடுத்ததும் அவர்தான்.

மூன்றாவது முறை ஒரு பொத்தல்கூட இல்லை. அண்ணா, ரொம்ப நன்றி. கவரை எஞ்சினில் மாட்டிவிட்டேன், அப்பா தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.