பிள்ளை பார்க்கிற வீடுகளுக்குள் ஒருக்கால் வந்து பாருங்கள்

கிழக்கு மாகாணத்தில் சிறுவர் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

திருகோணமலை பாலையூற்றிலிருந்து எழுதுகிறேன். டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், மகளுக்கு இரண்டு வயது. 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் பிரசவ லீவு 84 நாள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த லீவு முடிந்த அடுத்த நாள் காலையில் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? அம்மம்மா கூட இருக்கிற வீடென்றால் சரி. மற்றவர்கள் பக்கத்து ஒழுங்கையில் பிள்ளை பார்க்கிற அக்காவிடம்தான் போகிறோம். வாசலில் பெயர்ப்பலகை இருக்காது, பதிவும் இருக்காது. நானும் சேர்க்கும்போது கேட்டது இரண்டே கேள்வி: மாதம் எவ்வளவு, பின்னேரம் எத்தனை மணி வரைக்கும். வேறு எதுவும் கேட்காமல் விட்டது என் பிழை.

போன மார்கழியில் ஒருநாள் மழையென்று கடையை நேரத்தோடு பூட்டினார்கள். நான் போனபோது அக்கா குசினியில் ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றதற்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் ஏழு பிள்ளைகள். என் மகளைக் காணவில்லை. பின்பக்கம் போனால் கிணற்றடியில் நிற்கிறாள். கட்டு என் முழங்கால் உயரம், மேலே ஒரு தகரம், அது பறக்காமல் இரண்டு கல். தகரம் ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. மாரி மழைக்குத் தண்ணீர் கைக்கெட்டுகிற தூரத்துக்கு வந்திருந்தது. என் கண்முன்னே தன் செருப்பைக் கழற்றி உள்ளே போட்டாள், அந்தச் சத்தத்துக்குச் சிரித்தாள், பிறகு எட்டிப் பார்க்கக் குனிந்தாள். ஓடிப்போய்ப் பிடித்துவிட்டேன். இப்போதும் இரவில் படுத்தால் அந்தச் சத்தம் காதில் கேட்கிறது.

அக்கா என்னைவிட அதிகம் அழுதார். அவர் கவனமில்லாதவர் இல்லை, என் பிள்ளைக்கு நான் ஊட்டுவதைவிடப் பொறுமையாக ஊட்டுபவர். ஆனால் ஒரு ஆளுக்கு இரண்டு கைதானே. லண்டனில் என் மச்சாள் தன் வீட்டிலேயே பிள்ளை பார்க்கிறார். அங்கே ஒருவர் தனியாகப் பார்ப்பதென்றால் எட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஆறு பேர்தான், அதில் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் மூன்று பேர், ஒரு வயது நிரம்பாதது ஒன்று. இதுதான் பொது விதி. அதற்குச் சொந்தப் பிள்ளையையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். சிறுபிள்ளை முதலுதவிக்கு 12 மணித்தியாலப் பயிற்சி, மூன்று வருடத்துக்கு ஒருக்கால் திரும்பவும். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லோரையும் பற்றி விசாரித்துத்தான் அனுமதி கொடுப்பார்கள். இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பிள்ளையை நாங்கள் நம்பி விடுவது அக்காவிடம், ஆனால் அந்த வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிறுவர் உதவி எண்ணான 1929க்கு அழைப்பது ஏதாவது நடந்த பிறகுதானே.

கிணற்றுச் சம்பவத்துக்குப் பிறகு அக்காவே பதிவு செய்ய வேண்டும் என்றார். நானும் அவரோடு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். கட்டட வரைபடம் கேட்டார்கள், பிள்ளைகளுக்குத் தனிக் கழிவறை இருக்கிறதா என்று கேட்டார்கள், பிறகு இது எங்கள் பொறுப்பில்லை என்று வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா சொன்னார்: "வேண்டாம் தங்கச்சி, உள்ளதையும் மூடச் சொல்லிவிடுவினம்." ஒரு வார்த்தையும் எதிர்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த வீட்டை மூடினால் ஏழு தாய்மாரும் வேலையை விடப்போவதில்லை, இன்னும் மறைவான ஒரு வீட்டைத் தேடிப் போவோம், அவ்வளவுதான்.

நான் கேட்பது, பெரிய நிலையங்களுக்கான அளவுகோலை அப்படியே ஒரு சாதாரண வீட்டின் மேல் வைக்காதீர்கள். வீட்டில் பார்ப்பவர்களுக்கென்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சின்னப் படிவம், முதலில் பதிவு, பிறகு திருத்திக்கொள்ள மூன்று மாதத் தவணை. பிள்ளைகளின் எண்ணிக்கையில் மட்டும் தளர்வு வேண்டாம், கைக்குழந்தை எத்தனை என்பதில் கொஞ்சமும் வேண்டாம். புதிதாக ஆள் போடவும் தேவையில்லை. டெங்குக் குடம்பி இருக்கிறதா என்று சிரட்டை வரைக்கும் கவிழ்த்துப் பார்க்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) அப்படியே கிணற்று மூடியையும் ஒருக்கால் இழுத்துப் பார்க்கலாம். பிள்ளை பிறந்ததும் வீடு தேடி வருகிற மிட்வைப்புக்கு எந்த ஒழுங்கையில் யார் பிள்ளை பார்க்கிறார் என்பது தெரியாமல் இருக்காது. குளியலறை வாளியில் தண்ணீர் நிற்கிறதா, சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி நிலத்தில் வைத்திருக்கிறார்களா, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கிறார்களா, இதெல்லாம் பார்க்க அரை மணித்தியாலம் போதும். அப்புறம் முதலுதவி. ரம்புட்டான் கொட்டை தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது, மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தியெடுக்க வைக்கக் கூடாது, அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு உடனே அழைக்க வேண்டும் என்பதை ஒரு சனிக்கிழமை கூப்பிட்டுச் சொல்லிக்கொடுங்கள். அக்காமார் வருவார்கள். பயிற்சிக்கு வரும் நாளின் சம்பளத்தைத் தாய்மார் நாங்கள் கொடுப்போம்.

என் கணவர் அந்தக் கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை அடித்து, பூட்டும் போட்டுவிட்டார். பிள்ளைகள் இப்போது நான்கு பேர். மற்ற மூன்று பேரும் எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கா தன் வீட்டை முதலாவதாகப் பார்க்கச் சொல்லி எழுதச் சொன்னார். எந்தக் கிழமை நாளிலும் காலை எட்டு மணிக்குப் பிறகு வாருங்கள், பதினொன்றரைக்குப் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.