குழந்தையின் தலைக்காயமும் ஸ்கேனும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டிலிலிருந்து விழுந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்பாசமுத்திரம், நாங்குநேரி பக்கமிருந்து பாளையங்கோட்டைக்கு ஓடிவரும் பெற்றோர், சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் நிம்மதி என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் வளரும் மூளைக்குள் கதிர்வீச்சு வீணாகச் செல்லக் கூடாது. அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான, யாருக்கு ஸ்கேன் தேவை என்று முடிவுசெய்ய உதவும் பெக்கார்ன் விதிகளின்படி, 2 வயதைக் கடந்த குழந்தை நினைவு தப்பாமல், வாந்தியோ கடும் தலைவலியோ இன்றித் தெளிவாக இருந்து, மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்த அறிகுறி இல்லாமல், 5 அடிக்கு மேலிருந்து விழுதல், வாகன விபத்து போன்ற பலத்த அடியும் படாதிருந்தால் ஸ்கேன் தேவைப்படாது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அளவுகோல் இன்னும் கடுமையானது. 3 அடிக்கு மேலிருந்து விழுந்தாலே கவலைக்குரியது. ஐயமிருப்பின் சில மணி நேரம் மருத்துவமனையிலேயே வைத்துக் கவனிப்பதும் சிகிச்சைதான் என்று மருத்துவர்கள் பெற்றோரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். எழுப்பியும் சரியாக விழிக்காத குழந்தைக்கு ஒரு கணமும் தாமதிக்காமல் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை