கடற்கரை மணல் வீட்டுக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பங்குனி பிறந்தால் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீட்டு மராமத்து சூடுபிடிக்கும். தளத்தில் காரை பெயர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பி வெள்ளையடித்தால், அது மறுபடி வெடிக்கும். உப்பு ஏறிய கம்பி உள்ளே துருப்பிடித்துப் பருத்து, காரையைக் கீழே தள்ளுகிறது.

முதலில் முட்டுக் கொடுங்கள். சுத்தியலால் தட்டி, பொள்ளென்று ஒலிக்கும் இடமெல்லாம் கொத்தி எடுங்கள். கம்பிக்குப் பின்னாலும் 20 மி.மீ. இடைவெளி வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். துருவை உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவையால் நிரப்புங்கள். கம்பி இளைத்திருந்தால் பொறியாளரைக் கேட்டுப் புதுக்கம்பி சேருங்கள். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கலவைக்கும் ஆகாது, நனைக்கவும் ஆகாது. புதுத் தூணுக்குக் கம்பியின் மேல் 45 மி.மீ. காரை நிற்கட்டும், அந்த இடைவெளிக்காகக் கம்பியில் கட்டும் சிறு கட்டையான கவர் பிளாக் வைக்காத வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

செலவு மிச்சமென்று கடற்கரை மணலை அள்ளிப் பூசுகிறவர்கள் உப்பையே பூசுகிறார்கள். இன்னொரு கேடும் உண்டு. பங்குனி ஆமை என்னும் கடலாமை (ஆலிவ் ரிட்லி) கரையேறி முட்டையிடும் பருவம் இது. மணலுக்குள் ஒன்றரை அடி ஆழத்தில் ஏறத்தாழ நூறு முட்டை கிடக்கும். ஒரு மண்வெட்டி போதும், கூடே போய்விடும். தனுஷ்கோடிப் பக்கம் காலாற நடப்பவர்கள் அலை நனைத்த ஈரமணலிலேயே நடக்கலாம். கரையேறித் திரும்பிய ஆமைத் தடம் கண்டால் கிளறாமல், டார்ச் அடிக்காமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தம்பதியர், தங்கச்சிமடம்