மறுத்துச் சொல்லும் பதவி

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மாடிப்படிக்கு மட்டும் அவசரப்படாதே. இங்கே எல்லோரும் நலம். சங்கத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தாய். அதை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன்.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். ரயில்வே சிக்னல் பராமரிப்பில் முதுநிலை டெக்னீஷியன் பதவிகளில் பெரும்பாலானவற்றை ஒரு படி கீழே இறக்கப் போகிறார்கள். இப்போது இருப்பவர்களின் சம்பளத்தில் கை வைக்கமாட்டார்களாம்; ஓய்வு பெறுகிறவர்களின் இடத்தை மட்டும் கீழ்ப்படியில், குறைந்த பயிற்சியோடு நிரப்புவார்களாம். ஆனால் வேலை அதேதான். தண்டவாளத்தைத் திருப்பும் பாயிண்ட் மெஷினைத் திறந்து பார்ப்பது, தண்டவாளத்தில் வண்டி நிற்கிறதா என்று காட்டும் டிராக் சர்க்யூட்டைச் சோதிப்பது, சிக்னல் மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயை மாற்றுவது, எல்லாம் முடிந்ததும் ரயில் விடலாம் என்று கையெழுத்திடுவது. கையெழுத்தின் பொறுப்பு குறையவில்லை, கையெழுத்திடுகிறவரின் படி மட்டும் குறைகிறது.

நிர்வாகம் சொல்லும் காரணம், சிக்னலும் பாயிண்டும் முரண்படாமல் பார்த்துக்கொள்ளும் கணினிக் கருவியான எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் வந்துவிட்டது, தன் பழுதை அதுவே கண்டுபிடித்துச் சொல்லிவிடும் என்பது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் வெளியே உள்ளவர்கள் நம்பிவிடுகிறார்கள். கருவி தனக்குள் நடப்பதைச் சரிபார்க்கும். வெளியிலிருந்து கம்பி வழியாக வரும் தகவலை உண்மை என்று எடுத்துக்கொள்ளும். கம்பியைத் தப்பான இடத்தில் முடுக்கியிருந்தால் அதற்கு எப்படித் தெரியும்? 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே பஹானகா பஜாரில் நடந்தது இதுதான். லெவல் கிராசிங் கேட் சம்பந்தப்பட்ட வேலையில் கம்பி இணைப்பு மாறிப்போனது. மெயின் லைனுக்குப் பச்சை விழுந்தது, பாயிண்டோ பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் போய் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே கோட்டத்தில் 2022 மே மாதம் வேறொரு நிலையத்தில் தவறான கம்பி இணைப்பால் இதே போன்ற கோளாறு நடந்ததையும், அப்போதே திருத்தியிருந்தால் இந்த விபத்தே நடந்திருக்காது என்பதையும் பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொன்னது. பிறகு கைதானவர்கள் மூன்று பேர், மூவரும் சிக்னல் பிரிவுக்காரர்கள், அதில் ஒருவர் டெக்னீஷியன். பழி வரும்போது டெக்னீஷியனின் இடம் மிக உயரமாகத்தான் இருக்கிறது.

கூட்டத்தில் இளைஞர் ஒருவர், “சம்பளத்துக்காகத்தானே இந்தப் போராட்டம் என்று வெளியில் கேட்கிறார்கள், என்ன பதில் சொல்வது?” என்று கேட்டார். சம்பளமும்தான் என்று சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றேன். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுத்து, சிக்னலைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்டு நாம் வேலை பார்க்கும்போது, பின்னால் வண்டிகள் காத்து நிற்கும், கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் மேல் போன் வரும். “இன்னும் சோதனை முடியவில்லை, இப்போது கையெழுத்துப் போடமாட்டேன்” என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்! அதைச் சொல்ல அறிவு வேண்டும். அந்த அறிவுக்கு அலுவலகத்தில் ஒரு மதிப்பும் வேண்டும். படிக்கட்டின் அடியில் நிற்கும் ஒருவர், நேற்று வேலைக்கு வந்தவர், மேலதிகாரியிடம் அப்படிச் சொல்வாரா? சொன்னாலும் கேட்பார்களா? பதவியை இறக்கும்போது மறுத்துச் சொல்லும் அந்த வலுவைத்தான் பிடுங்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

லண்டன் கிளாப்பம் சந்திப்பு விபத்தின் விசாரணை அறிக்கையைச் சங்கத்து இளைஞர்களோடு உட்கார்ந்து படிக்கிறேன். 1988 டிசம்பர் 12, 35 பேர் இறந்தார்கள். பழைய கம்பி ஒன்றை வெட்டி எடுக்காமல், முனையைக் கட்டாமல் ரிலே அறையில் விட்டிருந்தார்கள். அது மறுபடி முனையத்தைத் தொட்டு மின்சாரம் கொடுக்க, சிவப்பு விழ வேண்டிய சிக்னலில் சிவப்பு விழவில்லை. அந்த வேலையைச் செய்த டெக்னீஷியனுக்கு முந்தைய 13 வாரங்களில் கிடைத்த விடுப்பு ஒரே ஒரு நாள். வேறொருவர் வந்து கம்பிகளை எண்ணிச் சரிபார்த்திருக்க வேண்டும், யாரும் எண்ணவில்லை. விசாரணை நடத்திய அந்தோணி ஹிடன் அந்த ஒருவரோடு நிறுத்தாமல், பயிற்சி, மேற்பார்வை, வேலை நேரம் என்று நிர்வாகத்தின் வேர் வரை போனார். அப்படி ஒரு விசாரணை விபத்துக்கு முன்பே நடக்கக் கூடாதா?

ரயில்வேக்கு மட்டும் வந்த நோயும் அல்ல இது. போபாலில் 1984 டிசம்பர் விஷவாயுக் கசிவுக்கு முன்பே, மெதில் ஐசோசயனேட் பிரிவில் ஷிஃப்டுக்கு 12 பேர் என்றிருந்ததை 6 ஆக்கியிருந்தார்கள். இரவு ஷிஃப்டில் பராமரிப்பு மேற்பார்வையாளர் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

சங்கம் இப்போதைக்கு வேலைநிறுத்தம் பற்றிப் பேசவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்; எடுத்த எடுப்பில் ரயிலை நிறுத்தினால் பயணிகள் நம்மைத்தான் திட்டுவார்கள், விஷயம் காதில் ஏறாது. சோதனைக் கையெழுத்து உள்ள எந்தப் பதவியையும் இறக்கக் கூடாது, தகுதித் தேர்வு இல்லாமல் யாரையும் ரிலே அறைக்குள் விடக் கூடாது என்று இரண்டே கோரிக்கைகளை எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் பேச்சுவார்த்தை.

அதற்கு உன் உதவி வேண்டும். ஓய்வு பெற்ற டெக்னீஷியன்களிடம் எழுத்து வாக்குமூலம் வாங்குகிறோம். வற்புறுத்தலுக்கு நடுவே நீ கையெழுத்திட மறுத்த சம்பவங்களில் ஒன்றிரண்டை விவரமாக எழுதி அனுப்பு. எந்தப் பிரிவு, என்ன பழுது, எத்தனை மணி நேரம் தாமதம், பிறகு சோதனையில் என்ன கண்டுபிடித்தாய் என்பதெல்லாம் இருக்கட்டும். அதிகாரிகளின் பெயர் வேண்டாம். இருபதாம் தேதிக்குள் என் கையில் கிடைத்தால் தொகுப்பில் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய ரிலே அறைத் தோழன்