இழுவைப் பீரங்கியை இகழ்வதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நவீனப் போர்முறை குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், ‘வண்டியில் பூட்டி இழுத்துச் செல்லும் பீரங்கிகள் இனி அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டியவை’ என்று ஒரு வரி இருந்தது. பீரங்கிப் படையில் பணியாற்றி, 1999 கார்கில் போரில் திராஸில் போஃபர்ஸ் என்ற இழுவைப் பீரங்கியோடு நின்றவன் என்ற முறையில், அந்த வரியைக் கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை.

தானே ஓடும் பீரங்கியின் சிறப்பை நான் மறுக்கவில்லை. நாம் சுட்ட குண்டு வானில் பறக்கும்போதே எதிரியின் ரேடார் அதன் பாதையைக் கணித்து, சுட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறது; சில நிமிடங்களில் பதிலடி வந்து விழும். சுட்ட கையோடு இடம் மாறிவிடும், சங்கிலித் தடத்தில் தானே ஓடும் கே9 வஜ்ரா போன்ற பீரங்கி பாலைவனத்திலும், கிழக்கு லடாக்கின் அகன்ற வெளியிலும் பெரும் பலம்தான். ஆனால் அதன் எடை சுமார் 47 டன். கார்கில் போரின்போது ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடைத்த சிறு சிறு இடங்களில்தான் எங்கள் பீரங்கிகளை நிறுத்த முடிந்தது. பீரங்கியின் பின்கால்கள் பாறையில் பதியாமல் நழுவும். கல்லையும் மண்மூட்டையையும் அண்டக் கொடுத்துத்தான் சுட்டோம். மூச்சு வாங்கும் அந்த உயரத்தில் ஒவ்வொன்றும் சுமார் 43 கிலோ எடையுள்ள குண்டுகளைத் தூக்கித் தூக்கித் தோள் மரத்துப்போகும். ஓயாமல் சுட்டதில் குழாயின் வண்ணப்பூச்சு கொப்பளித்து உரிந்தது. அந்தப் போரில் நம் பீரங்கிகளும் மோர்ட்டார்களும் ராக்கெட் ஏவிகளுமாகச் சுட்டவை இரண்டரை லட்சத்துக்கும் மேல். டோலோலிங், டைகர் ஹில் சிகரங்களில் ஏறிய காலாட்படையினருக்கு வழிதிறந்து கொடுத்த பீரங்கிகளில் முதன்மையானது, தங்கள் கட்டுரை அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் இந்த இழுவைப் பீரங்கிதான். 5140 என்ற எண்ணால் அறியப்பட்ட சிகரத்துக்கு 2022இல் ‘கன் ஹில்’ என்று பெயர் சூட்டியதும் பீரங்கிப் படையினரின் நினைவாகத்தான். அந்தச் செய்தி தங்கள் இதழில் ஒரு வரியாகக்கூட வரவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கட்டுரையாளர் உக்ரைனைச் சான்றாகக் காட்டுகிறார். இழுவைப் பீரங்கியின் காலம் முடிந்தது என அமெரிக்கத் தளபதி ஜேம்ஸ் ரெய்னி 2024இல் கூறியதை நானும் அறிவேன். ஆனால் அதே ஆண்டில் அதே உக்ரைன், லாரியின் மீது ஏற்றிய தன் போதானா பீரங்கிக்கு இழுவை வடிவம் ஒன்றையும் உருவாக்கியதைத் தாங்கள் அறியாமல் இருக்க முடியாது. இன்று தலைக்கு மேல் எந்நேரமும் டிரோன் சுற்றுகிறது. அதன் கண்ணில் முதலில் படுவது, அசைகின்ற பெரிய வாகனம்தான். குழி தோண்டி, வலை போர்த்தி, மரங்களுக்கு அடியில் அடக்கி வைத்த பீரங்கியைக் கண்டுபிடிப்பதே கடினம். கண்டுபிடித்துத் தாக்கினாலும், எரிபொருளையும் குண்டுகளையும் தன் வயிற்றிலேயே சுமக்கும் வாகனம் பற்றி எரிவதைப்போல அது எரியாது. பழுதுபார்த்து மீண்டும் சுடலாம். தானே ஓடும் பீரங்கியில் எஞ்சினோ சங்கிலித் தடமோ பழுதானால் பீரங்கியும் சேர்ந்தே முடங்கும். இழுவைப் பீரங்கிக்கோ வேறொரு வண்டியைப் பூட்டினால் போதும்.

செலவையும் அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2024 டிசம்பரில் கூடுதலாக 100 வஜ்ராக்களுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம் சுமார் 7,629 கோடி ரூபாய். 2025 மார்ச்சில் நம் நாட்டிலேயே உருவான 307 அட்டாக்ஸ் இழுவைப் பீரங்கிகளுக்கும் அவற்றை இழுக்கும் வண்டிகளுக்குமாகச் சேர்த்தே சுமார் 6,900 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு வஜ்ராவின் விலைக்கு மூன்று அட்டாக்ஸ் வாங்கிவிடலாம். நான்கரை டன்னுக்கும் குறைவான எடையுள்ள எம்777 இழுவைப் பீரங்கியைச் சினூக் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு, சாலையே இல்லாத மலைமுகட்டில் இறக்க முடிகிறது. வஜ்ராவை அப்படி இறக்க வழியே இல்லை. பாலைவனத்துக்கு அது, மலைக்கு இது என்று நம் ராணுவம் இரண்டையும் வாங்குவது காரணமில்லாமல் அல்ல.

போஃபர்ஸ் என்றவுடன் பத்திரிகைகளுக்கு நினைவுக்கு வருவது ஊழல் ஒன்றுதான். அதை எழுதியது தவறென்று நான் சொல்லமாட்டேன், எழுதத்தான் வேண்டும். ஆனால் 1986இல் வாங்கிய 410 பீரங்கிகளுக்குப் பிறகு, 2017இல் முதல் எம்777 வந்து இறங்கும்வரை, புதிய 155 மி.மீ. குழாய் விட்டமுள்ள பீரங்கி ஒன்றைக்கூட வெளிநாட்டிலிருந்து வாங்கத் துணியாமல் அரசுகள் கைகட்டி நின்றனவே, அந்த முப்பது ஆண்டு இழப்பைப் பற்றித் தாங்கள் எத்தனை பக்கம் எழுதினீர்கள்? பழைய பீரங்கிகளைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே காலம் தள்ளியவர்கள் நாங்கள். இதைக் குறித்து முன்பு நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் பாதியாக வெட்டி வெளியிட்டீர்கள், அப்போதும் பொறுத்துக்கொண்டேன்.

இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் கட்டுரையில் ‘இழுவைப் பீரங்கி’ என்ற விளக்கத்துடன் வெளியான படத்தில் இருப்பது ஒரு டாங்கி. அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிட்டு, உண்மையான இழுவைப் பீரங்கியின் படத்தை வாசகர்களுக்குக் காட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பீரங்கிப் படையில் ஓய்வுபெற்ற சுபேதார்,
வேலூர் மாவட்டம்.